ஸ்பாம்அசாசின் பாவித்துப் பார்த்ததில்: சின்ன ஒஃபிஸ் ஒன்றின் ஈமெயிலுக்கு இது போதுமா?

கொழும்பில் சொந்த டொமைனில் ஈமெயில் வைத்திருக்கிற சின்னக் கொம்பனிகளில் நிறையப் பேர் சீபேனல் (தளத்தையும் ஈமெயிலையும் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கிற பலகை) உள்ள ஹோஸ்டிங்தான் எடுத்திருப்பார்கள். அதில் 'ஸ்பாம் ஃபில்டர்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அதற்குள் இருந்து வேலை செய்வது அபாச்சி ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பாம் வடிகட்டி. 2001இல் ஜஸ்டின் மேசன் என்பவர் தொடங்கியது, 2004இலிருந்து அபாச்சி என்ற இலவச மென்பொருள் அமைப்பின் கீழ் இருக்கிறது, பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, ஒரு சதம் கட்டத் தேவையில்லை. புறக்கோட்டையில் நான் வேலை செய்கிற, சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஒஃபிஸில் இதைத்தான் பாவிக்கிறோம். கொம்பியூட்டர் சம்பந்தமான எல்லாமே என் பொறுப்பு என்பதால் இதோடு மல்லுக்கட்டுகிறவனும் நான்தான். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றும் கலந்து வருகிற இன்பொக்ஸில் இது எப்படி நடந்துகொள்கிறது என்று தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் காணவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான். ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சரிவராது. கிழமைக்கு ஒருதரமாவது உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒஃபிஸில் ஒருவர் இருந்தால் மட்டும் இதை நம்புங்கள், இல்லாவிட்டால் காசு கட்டி வேறு இடத்துக்குப் போவதே நல்லது.

இதன் வேலை முறை விளங்கினாலே பாதிக் குழப்பம் தீரும். வருகிற ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒத்துப் பார்க்கும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு புள்ளி. சந்தேகமான அடையாளம் இருந்தால் புள்ளி கூடும், நல்ல அடையாளம் இருந்தால் குறையும், கூட்டிப் பார்த்து 5 வந்துவிட்டால் ஸ்பாம் என்று முத்திரை குத்தும். எந்த விதிக்கு எத்தனை புள்ளி போட்டேன் என்று மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதியும் வைக்கும். எனக்கு இதில் ஆகப் பிடித்த விஷயம் இதுதான். பெரிய கொம்பனிகளின் ஈமெயிலில் ஒரு மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போனது என்று பார்த்தால் ஒரு வரியில் பொதுவாக ஏதோ சொல்லும், அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. இங்கே முழுக் கணக்கும் கையில் இருக்கிறது, பிழை எங்கே என்று பார்த்துத் திருத்தலாம்.

எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். வெளிநாட்டு ஏஜென்ட் ஒருவர் அனுப்பிய அரைவல் நோட்டிஸ் (கப்பல் வருகிறது என்ற அறிவித்தல்) ஜங்க் ஃபோல்டருக்குள் போய்க் கிடந்தது. துறைமுகத்தில் நின்ற எங்கள் வார்ஃப் கிளார்க் போன் எடுத்து, "தம்பி, கப்பல் வந்து நிக்குது, நோட்டிஸ் இன்னும் வரேல்லையா? டீஓ இல்லாம நான் இங்க நிண்டு என்ன செய்யிறது?" என்று கேட்டார். (டீஓ என்றால் சரக்கை எடுக்கத் தருகிற டெலிவரி ஓர்டர்.) தேடி எடுத்துத் தலைப்பகுதியைத் திறந்தால் எல்லாம் அதில் இருந்தது. சப்ஜெக்ட் வரி முழுக்கக் கெபிட்டல் எழுத்து, அதற்கு அரைப் புள்ளி போல. (கப்பல் தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், டெலெக்ஸ் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.) அனுப்பிய சேர்வரின் ஐபி இலக்கத்தை வைத்துத் திருப்பித் தேடினால் பெயர் ஒன்றும் வரவில்லை, அதற்கு முக்கால் புள்ளிக்குக் கிட்ட. மெயிலின் சொற்களைப் பார்த்து 'பாதிக்குப் பாதி, சொல்லத் தெரியவில்லை' என்று கணித்ததற்கு இன்னொரு முக்கால். அந்த ஐபி, ஸ்பாம் அனுப்புகிற ஐபிகளைச் சேர்த்து வைக்கிற கறுப்புப் பட்டியல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருந்ததற்கு மீதி. தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே பெரிய குற்றமில்லை, சேர்த்தால் 5ஐத் தாண்டிவிட்டது. கொள்கலன் கூடுதலாக நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டப்போவது எங்களை நம்பிச் சரக்கைத் தந்த கஸ்டமர்.

அதனால்தான் நான் எல்லாரிடமும் முதலில் சொல்வது: தானாக அழிக்கிற வசதியை நிறுத்திவிடுங்கள். சீபேனலில் அது தொடக்கத்தில் நிறுத்தியேதான் இருக்கும், யாராவது ஆர்வத்தில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்பாம் கொஞ்சம் உள்ளே வந்தால் எரிச்சல் மட்டும்தான். நல்ல மெயில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போனால் அதைத் தேடக்கூட யாருக்கும் தோன்றாது. தனி ஃபோல்டரில் போட்டு வைக்கட்டும், காலையும் பின்னேரமும் ஒருவர் கண்ணோட்டிப் பார்த்தால் போதும்.

சரி, இனி பேயஸ், அதாவது மெயிலின் சொற்களைப் பார்த்துக் கணிக்கிற பகுதி. ஸ்பாம்அசாசினின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. 2002இல் போல் கிரேம் என்பவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்த முறை எல்லா இடத்துக்கும் பரவியது. விஷயம் சுலபம்: உங்கள் நல்ல மெயில்களையும் ஸ்பாமையும் தனித்தனியாகக் காட்டினால், எந்தச் சொல் எந்தப் பக்கம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, அடுத்த மெயிலை அந்தக் கணக்கை வைத்து எடைபோடும். ஆனால் குறைந்தது 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் காட்டும் வரை அது வாயே திறக்காது. இது தெரியாமல் நிறையப் பேர் இருபது முப்பது ஸ்பாமைக் காட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று கைவிட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஸ்பாமை மட்டும் மலைபோலக் காட்டுவார்கள், நல்ல மெயிலைக் காட்டவே மாட்டார்கள். இரண்டு பக்கமும் தெரியாமல் அது எதை எதோடு ஒப்பிடும்?

எங்கள் ஒஃபிஸுக்கு இது தருகிற பலன் பெரிது. கொன்சைனி (சரக்கைப் பெறுபவர்), பி.எல் (சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) இலக்கம், கஸ்டெக் (சுங்கப் படிவம்), கொள்கலன் என்ற சொற்களெல்லாம் பொதுவான வடிகட்டி ஒன்றுக்குச் சந்தேகமாகப் படலாம், ஏனென்றால் உலகம் முழுக்க வைரஸ் அனுப்புகிறவர்கள் 'கப்பல் ஆவணம் இணைத்திருக்கிறேன்' என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். எங்கள் மெயிலை வைத்துப் பழகிய பேயஸுக்கு அவை வீட்டுச் சொற்கள். அரைவல் நோட்டிஸ் பிரச்சினை தீர்ந்ததும் அப்படித்தான். அந்த மாதிரி மெயில்களைத் தொடர்ந்து நல்லது என்று காட்டிக்காட்டி வந்தபோது, முக்கால் புள்ளி கூட்டிக்கொண்டிருந்த கணிப்பு இப்போது இரண்டு புள்ளிக்குக் கிட்டக் குறைக்கிறது. கெபிட்டல் எழுத்துக்கான அரைப் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும். தானாகவே கற்றுக்கொள்கிற ஒரு வசதியும் இருக்கிறது, மொத்தப் புள்ளி ரொம்பக் கூடினால் ஸ்பாம் என்றும் ரொம்பக் குறைந்தால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளும். நான் அதை நிறுத்திவைத்திருக்கிறேன். ஒருதரம் பிழையாகப் படித்தால் அந்தப் பிழையிலிருந்தே மேலும் படிக்கும், சின்ன இன்பொக்ஸில் அதைப் பிறகு திருத்துவது கஷ்டம்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. பேயஸ் ஒரு சொல்லை எடுக்கும்போது அதற்கு ஒரு நீள வரம்பு வைத்திருக்கிறது, 15 பைட் (பைட் என்பது கொம்பியூட்டர் எழுத்தைச் சேமிக்கிற அலகு). இங்கிலிஷுக்கு ஓர் எழுத்து ஒரு பைட், அதனால் பெரும்பாலான சொற்கள் அதற்குள் அடங்கும். எழுத்துகளைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கடன்' என்பது 12 பைட், தப்பிவிடும். 'கொழும்பு' என்றால் 24 பைட். பழைய பதிப்புகளில் இப்படி நீளமாக வருகிற சொல்லை முழுதாக எடுக்காமல் இரண்டிரண்டு பைட்டாக நறுக்கிவிடும். அந்தத் துண்டுகளில் பாதிக்கு மேல் எல்லாத் தமிழ்ச் சொல்லிலும் வருகிற அதே துண்டுகள்தான். அதாவது நீங்கள் எவ்வளவு கவனமாகத் தமிழ் மெயில்களைக் காட்டினாலும் 'இது தமிழ்' என்பதைத் தவிர வேறு ஒன்றும் அதற்குப் பெரிதாகப் பிடிபடாது. தமிழில் ஸ்பாமே வராத ஓர் ஒஃபிஸில் அது பரவாயில்லை, தமிழ் என்றாலே நல்லது என்று முடிவெடுக்கும். இப்போது நிலைமை அப்படியா இருக்கிறது? உடனடிக் கடன், வீட்டிலிருந்து வேலை, பார்சல் வந்திருக்கிறது சுங்கக் காசு கட்டுங்கள் என்று இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில் வரிசையாக வருகிறது. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் யுனிகோட் கையாளும் முறையைப் பெரிதாகத் திருத்தியிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு மாறிய பிறகு தமிழ் மெயில்களில் கணிப்பு தெளிவாக நல்லபடி மாறியது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மற்ற எதையும் மாற்ற முன்னர் இதை மாற்றுங்கள்.

பாமினியையும் சொல்லவேண்டும். இன்னும் எத்தனையோ ஒஃபிஸ்களில், பள்ளிக்கூடங்களில் பாமினி என்ற, யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே வேர்டிலிருந்து எடுத்து மெயிலில் ஒட்டி அனுப்பினால், எங்கள் கண்ணுக்கும் வடிகட்டிக்கும் அது இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் தாறுமாறாகக் கலந்த ஒரு கூட்டம். முதலில் இதற்குப் பயந்தேன். ஆனால் பேயஸுக்கு மொழி என்று ஒன்று கிடையாது, அதற்கு வேண்டியது ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவதுதான். பாமினியில் 'வணக்கம்' எப்போதும் ஒரே மாதிரித்தான் உடையும். கொஞ்சம் பாமினி மெயிலை நல்லது என்று காட்டிவிட்டால் பிறகு பிரச்சினையே இல்லை. சிங்களத்தில் பழைய எழுத்துருவில் வருகிறவற்றுக்கும் இதே கதைதான்.

விதிகளைப் புதுப்பிப்பதை விடவே கூடாது. 2010 ஜனவரி 1ஆம் திகதி நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 'எதிர்காலத் திகதி போட்ட மெயில்' என்று பிடிப்பதற்காக எழுதிய ஒரு விதி, 2010ஐயும் அதற்குப் பிந்திய வருடங்களையும் தூர எதிர்காலம் என்று வைத்திருந்தது. புது வருடம் பிறந்ததும் உலகம் முழுக்க ஒழுங்கான மெயில்களுக்கெல்லாம் கூடுதல் புள்ளி விழுந்தது, சில அமைப்புகளில் மூன்றுக்கும் மேலே. திருத்தம் கெதியாக வந்துவிட்டது, ஆனால் புதுப்பிப்பை ஓட விடாதவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஒரு நாளைக்கு ஒருதரம் தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

கறுப்புப் பட்டியல்களில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு ஐபியையும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற பட்டியல்களில் கேட்டுப் பார்க்கும், அந்தக் கேள்வி டிஎன்எஸ் (இணையத்தில் பெயர்களுக்கு இலக்கம் தேடித் தருகிற அமைப்பு) வழியாகப் போகும். உங்கள் சேர்வர் கூகிளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தருவதில்லை, '127.255.255.254' என்று ஒரு பிழை இலக்கத்தைத் திருப்பி அனுப்பும். யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் போவதால் அப்படிச் செய்கிறார்கள், நியாயம்தான். ஆனால் விளைவு என்னவென்றால், பட்டியல் வேலை செய்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அங்கே ஒன்றும் நடந்துகொண்டிருக்காது. அதைவிட மோசம், சில பழைய அமைப்புகள் எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்து, வருகிற மெயில் எல்லாவற்றையும் திருப்பிவிடும். சேர்வரிலேயே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் தீர்ப்பான், அன்பவுண்ட் மாதிரி ஒன்று, போட்டால் தீர்ந்தது.

இனி இதால் முடியாதது. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் கொழும்பில் வியாபாரிகள் காசை இழக்கிறார்கள். உங்களோடு வருடக்கணக்காகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற வெளிநாட்டு சப்ளையர் ஒருவரின் ஈமெயிலுக்குள் யாரோ புகுந்து, நடந்துகொண்டிருக்கிற அதே உரையாடலுக்குள்ளேயே 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தத் தடவை இதற்கு அனுப்புங்கள்' என்று ஒரு மெயில் போடுகிறான். அது உண்மையான முகவரியிலிருந்து, உண்மையான சேர்வரிலிருந்து வருகிறது. எஸ்பிஎஃப் (இந்த டொமைனுக்காக அனுப்ப இந்த சேர்வருக்கு அனுமதி இருக்கிறதா என்ற சோதனை) சரி, டிகிம் கையொப்பம் (மெயில் அந்த டொமைனிலிருந்தே வந்தது என்ற அடையாளம்) சரி, சொற்களும் நீங்கள் தினமும் பார்க்கிற சொற்கள். பேயஸ் சந்தோஷமாகப் புள்ளியைக் குறைக்கும். இதைப் பிடிக்க வடிகட்டியிடம் ஒன்றுமே இல்லை. கணக்கு இலக்கம் மாறியது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கிற இலக்கத்துக்கு அல்லாமல் உங்களிடம் முன்னமே இருக்கிற இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு மட்டும் காசை அனுப்புங்கள். எங்கள் கணக்குப் பகுதியில் இது இப்போது எழுதி ஒட்டிய விதி. வைரஸ் பார்க்கிற வேலையும் இதற்கு இல்லை, அதற்கு கிளாம்ஏவி போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்கவேண்டும். அதோடு இணைப்பாக வருகிற எச்டிஎம்எல் (வலைப்பக்கம்), ஐஎஸ்ஓ (டிஸ்க் பிரதி) கோப்புகளுக்கு நாங்களே ஒரு விதி எழுதிப் புள்ளி கூட்டியிருக்கிறோம். எந்தக் கப்பல் ஏஜென்டும் பி.எல்லை ஐஎஸ்ஓ கோப்பாக அனுப்புவதில்லை.

வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மனதுக்குள் ஒரு கோபம் மிச்சம் இருக்கும். எங்கள் நேரத்தையும் சேர்வரையும் தின்கிறவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, திருப்பி அடிக்க வழியில்லையா என்று. எங்கள் முதலாளியும் இதைத்தான் கேட்பார். நானும் தேடித் தேடிப் படித்தேன். திருப்பி அடிக்கப் போனவர்களின் கதை நல்லபடி முடியவில்லை.

2004 கடைசியில் லைகோஸ் யூரோப் கொம்பனி ஒரு ஸ்கிரீன்சேவர் விட்டது. அதைப் போட்டவர்களின் கொம்பியூட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஸ்பாம்காரர்களின் தளங்களைத் தட்டிக்கொண்டே இருக்கும், அவர்களுக்கு பேண்ட்வித் செலவு கூடட்டும் என்று. ஒரு மாதம்கூட ஓடவில்லை, கண்டனம் வந்து நிறுத்தவேண்டியதாயிற்று. அடுத்து இஸ்ரேலின் புளூ செக்யூரிட்டி. இவர்களின் புளூ ஃபுரொக் என்ற மென்பொருளில் ஐந்து லட்சம் பேர் அளவில் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்பாமுக்கும் பதிலாக, அந்த ஸ்பாம் விளம்பரம் செய்கிற தளத்துக்கே 'என்னைப் பட்டியலிலிருந்து எடு' என்று ஒரு கோரிக்கை போகும். லட்சக்கணக்கில் ஸ்பாம் அனுப்பினால் லட்சக்கணக்கில் கோரிக்கை வரும். யோசனை எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது, வேலையும் செய்தது. அதனால்தான் 2006 மே மாதம் ஒரு ஸ்பாம்காரன் நேரடியாகப் போருக்கு வந்தான். உறுப்பினர்களுக்கு மிரட்டல் மெயில், கொம்பனியின் தளத்தின் மேல் பெரும் தாக்குதல், அவர்கள் ஒதுங்கிய டைப்பேட் வலைப்பதிவுச் சேவையும் சேர்ந்து விழுந்தது, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கானவர்களின் வலைப்பதிவுகள் உட்பட. மே 16ஆம் திகதி புளூ செக்யூரிட்டி கையை விரித்துவிட்டது.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், தோற்றது யோசனை பிழை என்பதால் அல்ல. அடிக்கிறவனின் பக்கம் களவெடுத்த கொம்பியூட்டர்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன, அவனுக்கு அவை செலவே இல்லை. நமக்கு ஒவ்வொன்றும் செலவு. அவன் முகவரி பொய். 1982இல் மெயில் அனுப்புகிற நெறியான எஸ்எம்டிபியை எழுதியபோது அனுப்புகிறவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டார்கள், அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். (அப்போதே முதல் ஸ்பாம் வந்துவிட்டது, 1978 மே 3ஆம் திகதி கொம்பியூட்டர் செய்த டெக் கொம்பனியின் கேரி தூர்க் சுமார் நானூறு பேருக்கு ஒரு விற்பனை விளம்பரம் அனுப்பினார்.) அதனால் ஸ்பாமுக்குக் கோபமாகப் பதில் எழுதினால் அது போய்ச் சேர்வது பெயர் களவு கொடுத்த ஒரு அப்பாவிக்கு. ஸ்பாம் என்று கண்டபிறகு 'உங்கள் மெயில் ஏற்கப்படவில்லை' என்று தானாகத் திருப்பி அனுப்பும் வசதியை ஓன் பண்ணி வைத்திருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். எங்கள் டொமைன் பெயரில் யாரோ ஸ்பாம் அனுப்பியபோது இப்படித் திரும்பி வந்த மெயில்களால் எங்கள் இன்பொக்ஸ் நிரம்பி வழிந்தது, நாங்கள் ஒன்றுமே அனுப்பவில்லை. திருப்புவதானால் மெயில் வாசலில் நிற்கும்போதே, எஸ்எம்டிபி உரையாடல் முடிய முன்னரே மறுக்கவேண்டும். உள்ளே எடுத்துவிட்டால் ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

முறைப்பாடு செய்வதால் பலன் இருக்கிறதா? இருக்கிறது, மெதுவாக. ஸ்பாம்கொப் என்ற சேவை 1998இலிருந்து இருக்கிறது, மெயிலின் முழுத் தலைப்பகுதியையும் ஒட்டினால் எந்த வலையமைப்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதன் பொறுப்பாளருக்கு அறிக்கை அனுப்பும், அந்த அறிக்கைகளை வைத்து ஒரு பட்டியலும் நடத்துகிறது. நான் விடாமல் பாவிக்கிறேன். தனியாக ஒரு முறைப்பாட்டால் ஒன்றும் ஆகாது, சேர்ந்தால்தான் ஆகும். 2008 நவம்பரில் அமெரிக்காவில் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் கொம்பனியின் இணைப்பை மேலே இருந்த வழங்குநர்கள் துண்டித்தபோது உலகத்தில் ஓடிய ஸ்பாமில் பாதிக்கும் மேலே ஒரே நாளில் குறைந்தது. சில மாதங்களில் வேறு இடங்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தத் துண்டிப்பு நடந்தது ஆட்கள் பொறுமையாக ஆதாரம் சேர்த்ததால்.

இலங்கைக்குள்ளே இருந்து வருகிற விளம்பர மெயில்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் வாங்காமல் இப்படிச் செய்திகள் அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறது, விலகுவதற்கு வழி தரவேண்டும் என்கிறது. முழுதாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அது எனக்குப் பெரிய ஏமாற்றம். இங்கே பெயர் போட்டு வியாபாரம் செய்கிற கடை அனுப்பினால் 'அன்சப்ஸ்கிரைப்' தாராளமாக அழுத்துங்கள், அவர்களுக்குப் பெயர் கெடும் பயம் இருக்கிறது. ஊர் பேர் தெரியாதவனின் மெயிலில் அதே பொத்தானை அழுத்தினால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. வங்கி பெயரில், தபால் திணைக்களம் பெயரில் மோசடி மெயில் வந்தால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட்டுக்குச் சொல்லலாம், 101 அவர்களின் இலக்கம்.

கடைசியாக, எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நாங்கள் அனுப்புகிற மெயில் மற்றவர்களின் ஸ்பாமுக்குள் போவது. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் எத்தனையோ கொம்பனிகள் இருக்கும், பக்கத்தில் இருக்கிற ஒருவரின் வேர்ட்பிரஸ் தளத்துக்குள் யாராவது புகுந்து ஸ்பாம் அனுப்பினால் பட்டியலில் விழுவது எல்லாருக்கும் பொதுவான ஐபி. 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாஹூவும் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டிலும் தவறுகிற மெயிலை என்ன செய்வது என்று சொல்கிற அறிவிப்பு) மூன்றும் வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது. எங்களைப் போல் கொஞ்சம் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது கட்டாயம். மூன்றையும் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, சீபேனலில் முதல் இரண்டும் சில அழுத்துகளில் முடியும். டிமார்க் போட்ட பிறகுதான் எங்கள் பெயரில் போன களவு மெயில்களும் அடங்கின.

காசு கட்டுகிற சேவைகளோடு ஒப்பிட்டால்? கூகிள், மைக்ரோசொஃப்ட் இரண்டின் வடிகட்டியும் பொதுவான ஸ்பாமைப் பிடிப்பதில் இதைவிட மேல், அதில் சந்தேகமே இல்லை, கோடிக்கணக்கான இன்பொக்ஸ்களைப் பார்க்கிற வடிகட்டியோடு ஓர் ஒஃபிஸின் வடிகட்டி போட்டிபோட முடியாது. ஐந்தாறு பேர் இருக்கிற இடம், கொம்பியூட்டர் பார்க்க ஆள் இல்லை என்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதா மாதம் டொலரில் கட்டவேண்டும், 2022இல் ரூபாய் விழுந்தபோது அந்த பில் எங்கே போனது என்று கட்டியவர்களுக்குத் தெரியும். முப்பது நாற்பது முகவரி இருக்கிற, ஓர் ஆளாவது இதில் அக்கறையாக இருக்கிற ஒஃபிஸுக்கு ஸ்பாம்அசாசின் தாராளமாகப் போதும், தன் தொழிலின் சொல் தெரிந்த வடிகட்டியாக அதை வளர்த்தெடுக்கவும் முடியும்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஹோஸ்டிங்காரரிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது, டிஎன்எஸ் கேள்வி எந்த வழியாகப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதிப்பு 4க்குக் கீழே என்றாலோ, பொது டிஎன்எஸ்தான் என்றாலோ, திருத்தித் தரச் சொல்லுங்கள். பேயஸுக்குச் சொல்லிக்கொடுக்க சீபேனலில் பொத்தான் ஒன்றும் இல்லை, கிரோன் வேலையாக (நேரம் வைத்துத் தானாக ஓடுவது) ஒரு கட்டளையை வைத்து இரண்டு ஃபோல்டரை அதற்குக் காட்டவேண்டும், அதற்கு உங்கள் கணக்கில் அனுமதி இருக்கிறதா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்று பதில் வந்தால் வேறு ஹோஸ்டிங் பார்ப்பதே மேல், ஏனென்றால் பேயஸ் இல்லாத ஸ்பாம்அசாசினை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.